ஒளிப்பொறியில் ஒரு செங்குழியம்

பண்டாரவளையில் தை மாதத்துக் காலைப் பனி விலகுவதற்கு ஒன்பது மணியாகிவிடும். எமது கல்லூரியின் விஞ்ஞான அறைக்குக் கிழக்குப் பக்கமாக ஒரு சாளரம் உண்டு. அதன் கண்ணாடிகளுள் ஒன்று உடைந்து பல காலமாயிற்று. பனி விலகியதும் அந்த ஓட்டை வழியே வெயில் ஒரு கம்பம் போலச் சரிந்து வந்து கரும்பலகையின் அடியில் விழும். அக்கம்பத்தினுள்ளே வெண்கட்டித் தூசு ஆடுவதைப் பார்த்திருப்பது எம் மாணவருக்குப் பாடத்தினும் இனிமையானது. எமக்கும் அப்படியே என்பதை நேயர்களிடம் மட்டும் ஒப்புக்கொள்கின்றோம்.

சில கிழமைகளின் முன் அவ்வறையில் ஒளியின் உந்தத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். ஒளிக்கு நிறை இல்லை. ஆயினும் உந்தம் உண்டு. ஆதலின் தான் படும் பொருளைத் தள்ளும் என்று கூறினோம். "அப்படியானால் அந்தத் தூசை ஆட்டுவது வெயிலா, சேர்?" என்று பின் வாங்கிலிருந்து ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. அன்று, தூசை ஆட்டுவது அறைக் காற்றே, வெயிலின் தள்ளுதல் அத்துணை வலியதன்று என்று விளக்கினோம். அத்துடன் விட்டிருக்கலாம். ஆசிரியரின் வாய் அப்படி எளிதில் நிற்பதில்லை. "ஒளியால் தள்ள மட்டுமன்று, பிடித்து வைக்கவும் முடியும். உயிருள்ள ஒரு செங்குழியத்தைக் கொல்லாமலே ஒளியாற் பிடித்து, அதனுள் இருக்கும் மூலக்கூறு எத்தன்மையது என்று அறியவும் முடியும்" என்றோம். அவ்வளவில் மணி அடித்தது.

வகுப்புக் கலைந்த பின்னும் ஒரு மாணவி நின்றிருந்தாள். தோட்டத்திலிருந்து வருபவள், வகுப்பில் வாய் திறவாதவள். "சேர், தம்பிக்குத் தலசீமியா. மாதம் ஒரு தடவை அம்மா அவனைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய் இரத்தம் ஏற்றிக்கொண்டு வருவா. அந்த ஒளியைக் கொண்டு தம்பியின் இரத்தம் ஏன் சாகிறது என்று பார்க்கலாமா?" என்று கேட்டாள்.

தெரியும் என்றும் சொல்ல இயலவில்லை. தெரியாது என்றும் சொல்ல மனம் வரவில்லை. ஒரு கிழமை தவணை கேட்டோம். அந்தத் தவணையில் படித்தவற்றையே இன்று நேயர்களுடன் பகிர்ந்துகொள்கின்றோம்.

முதலில் நோயைப் பற்றிச் சிறிது. நம் குருதிக்குச் செந்நிறம் தருவது ஈமோகுளோபின் என்னும் புரதம். ஒரு செங்குழியத்தினுள் ஏறத்தாழ 27 கோடி ஈமோகுளோபின் மூலக்கூறுகள் நெருக்கி அடைக்கப்பட்டிருக்கின்றன. மூலக்கூறு ஒவ்வொன்றும் நான்கு இழைகள் கூடி ஆனது: வளர்ந்தவர் உடலில் இரண்டு அல்பா இழை, இரண்டு பீற்றா இழை. நுரையீரலில் ஒட்சிசனை ஏற்றிக்கொண்டு உடலெங்கும் கொண்டுபோய் இறக்குவது இதன் தொழில். தோட்டத்தில் கொழுந்துக் கூடை சுமப்பவர் மலையில் ஏறி இறங்குவதை நினைத்துக்கொண்டால் போதும். ஒரு வேறுபாடு, இவர்கள் ஓய்வறியாது நூற்றிருபது நாள் ஓடி மாள்வர்.

பீற்றாத் தலசீமியாவில் பீற்றா இழை போதிய அளவு உண்டாவதில்லை. துணை கிடைக்காத அல்பா இழைகள் மிஞ்சித் திரண்டு குழியத்தினுள்ளேயே படிந்து, அதன் மென்றோலைப் பழுதாக்குகின்றன. பெரும்பாலான குழியங்கள் என்பு மச்சையைவிட்டு வெளியேறு முன்னரே மடிகின்றன. வெளிவந்தவையும் நெடுநாள் வாழ்வதில்லை. ஆகவேதான் மூன்று நான்கு கிழமைக்கு ஒரு முறை பிறர் குருதியை ஏற்றவேண்டியதாகிறது. ஏற்றிய குருதியோடு இரும்பும் சேர்ந்து இருதயத்திலும் ஈரலிலும் தங்கிவிடும். அதை வெளியேற்றத் தனி மருந்து வேண்டும். இரவு முழுவதும் தோலின் கீழ் ஊசி பொருத்திச் சிறு பம்பியால் மருந்து செலுத்தும் முறையையே பல்லாண்டு கைக்கொண்டனர். பின்னர் விழுங்கும் மருந்துகளும் வந்தன. ஒரு குழந்தையின் வீட்டில் இஃது எத்தகைய வாழ்க்கை என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இந்நோய் நம் நாட்டுக்குப் புதியதன்று. குருநாகலில் இதற்கென்றே தேசிய நிலையம் ஒன்று இயங்குகிறது. ஒக்ஸ்போர்டுப் பேராசிரியர் டேவிட் வெதரோல் (1933–2018) நம் நாட்டு மருத்துவருடன் கூடிப் பல ஆண்டுகள் இலங்கை நோயாளரைப் பற்றி ஆராய்ந்தவர். உலகப் படத்தில் தலசீமியா மிகுந்த நாடுகளைக் குறித்துக்கொண்டு, பண்டு மலேரியா மிகுந்த நாடுகளையும் குறித்துப் பாருங்கள். இரண்டும் பெரிதும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும். இதன் காரணத்தை 1949 ஆம் ஆண்டில் ஊகித்துக் கூறியவர் ஜே. பி. எஸ். ஹால்டேன் என்னும் ஆங்கிலேய அறிஞர். பின்னாளில் இந்தியாவிலேயே குடியேறிப் புவனேசுவரத்தில் 1964 இல் மறைந்தவர். தாய் தந்தையரில் ஒருவரிடமிருந்து மட்டும் இக்குறையைப் பெற்றவருக்கு நோய் இல்லை. மாறாக, மலேரியாவுக்கு ஈடுகொடுக்கும் ஆற்றல் சிறிது கூடுதலாக உண்டு. இருவரிடமிருந்தும் பெற்ற பிள்ளைக்கே துன்பம். நுளம்பு கொன்ற பல தலைமுறைகளின் கணக்கை இன்று நம் பிள்ளைகள் சிலர் தீர்க்கின்றனர் என்று சொன்னால் அது மிகையாகாது.

இனி ஒளிக்கு வருவோம்.

வால்வெள்ளியின் வால் எப்பொழுதும் சூரியனுக்கு எதிர்ப்புறமாகவே நீண்டிருப்பதைக் கண்ட கெப்ளர், சூரிய ஒளியே அதைத் தள்ளுகிறது போலும் என்று 17 ஆம் நூற்றாண்டிலேயே கருதினார். மக்சுவெல் 19 ஆம் நூற்றாண்டில் அந்தத் தள்ளுதலைக் கணக்கிட்டார். மொஸ்கோவில் லெபெதேவ் 1900 ஆம் ஆண்டளவில் அதனை அளந்தே காட்டினார். எவ்வளவு தள்ளுதல்? உச்சி வெயிலில் ஒரு சதுர மீற்றர் அளவான கரும்பாயை விரித்தால் அதன்மேல் ஒளி அழுத்தும் விசை அரை மில்லிகிராம் எடைக்கும் குறைவு. ஒரு கடுகின் எடையைக்கூட எட்டாது. இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் எவரும் எண்ணுவர்.

அமெரிக்காவிலுள்ள பெல் ஆய்வுகூடத்தில் ஆர்தர் அஷ்கின் என்பவர் அவ்வாறு எண்ணவில்லை. லேசர் தோன்றிப் பத்தாண்டு நிறையுமுன், அதன் கதிரை ஒரு புள்ளியிற் குவித்து, நீரில் மிதக்கும் நுண்ணிய மணிகளின்மேல் விழச் செய்தார். மணிகள் ஓடின, அஃது எதிர்பார்த்ததே. எதிர்பாராதது ஒன்றும் நிகழ்ந்தது. கதிரின் ஓரத்தில் நின்ற மணிகள் விலகி ஓடாமல், கதிரின் நடுவை நோக்கி இழுபட்டன. 1970 இல் அவர் இதனை வெளியிட்டார்.

தள்ளும் ஒளி இழுப்பதெப்படி? படகிலிருந்து கரைக்குத் தாவுபவன் படகைப் பின்னே தள்ளிவிடுகிறான் அன்றோ? மணியும் ஒரு சிறு வில்லையே. தன்னூடு செல்லும் ஒளியை வளைக்கும். ஒளியை இடப்புறம் வளைத்தால் மணி வலப்புறம் தள்ளப்படும். கதிரின் நடுவிலே ஒளி மிகுதி, ஓரத்திலே குறைவு. நடுவுக்கு இடப்புறமாக மணி ஒதுங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதன் வலப்பாதியில் மிகுந்த ஒளி பட்டு இடப்புறமாக வளையும். அதன் பயனாக மணி வலப்புறம், அதாவது நடுவை நோக்கி, வரும். வலப்புறம் ஒதுங்கினாலும் அவ்வாறே திரும்பும். 1986 இல் அஷ்கினும் அவருடன் பணிபுரிந்த சீட்சிக், பியோர்க்ஹோம், ஸ்டீவன் சூ ஆகியோரும் வலிய நுணுக்குக்காட்டி வில்லையால் ஒரே கதிரை மிக இறுகக் குவித்து, முன் பின் மேல் கீழ் எப்பக்கமும் ஓடாதபடி மணியை ஒரு புள்ளியிலே நிறுத்திக் காட்டினர். சாமணத்தால் எள்ளை எடுப்பது போல ஒளியால் ஒரு நுண்துகளை எடுத்து வைக்க வழி பிறந்தது.

நேயர்களே, இதன் பின் நடந்ததையே நாம் மிகச் சுவைத்துப் படித்தோம். புகையிலை இலையைத் தாக்கும் வைரசை அஷ்கினும் சீட்சிக்கும் நீரிற் கலந்து பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தனர். அந்நீரைச் சில நாள் வைத்திருந்த பின் பார்த்தால், தாமாகவே நீந்தும் சில துகள்கள் பொறியில் அகப்பட்டன. நீர் கெட்டுப் பற்றீரியா பெருகிவிட்டது! வேறொருவராயின் கண்ணாடியைக் கழுவிவிட்டு வேலையைத் தொடர்ந்திருப்பார். இவர்கள் பற்றீரியாவைப் பார்க்கத் தொடங்கினர். அகப்பட்டவை சிறிது நேரத்தில் துடிப்படங்கின. பச்சை ஒளி அவற்றைக் கொன்றுவிட்டது. ஆகவே கண்ணுக்குத் தெரியாத செங்கீழ்க் கதிருக்கு மாறினர். அக்கதிரை உயிர்க்கலங்கள் அதிகம் உறிஞ்சுவதில்லை. அதில் அகப்பட்ட கலங்கள் உயிரோடிருந்தன. பொறிக்குள்ளேயே பெருகவுஞ் செய்தன. 1987 இல் வெளியான இச்செய்தியோடு பௌதிகத்தின் ஒரு விளையாட்டுப் பொருள் உயிரியலின் கைக்கருவியாயிற்று. அஷ்கினுக்கு நொபெல் பரிசு கிட்டியது 2018 இல். அப்பொழுது அவருக்கு வயது 96. 2020 இல் மறையும் வரை வீட்டு நிலவறையில் ஆய்வு செய்துகொண்டிருந்தாராம். ஐம்பதை நெருங்கும்பொழுதே களைப்பைப் பற்றிப் பேசும் எம்போன்றவர் இதைச் சற்று மறந்துவிடுவது நல்லது.

பிடித்தாயிற்று. பிடித்த பொருளினுள் இருக்கும் மூலக்கூறு யாது என்று அறிவது எவ்வாறு? அதற்கு விடை தந்தவர் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் 1888 இல் பிறந்த சந்திரசேகர வேங்கட ராமன். கல்கத்தாவில் கணக்குத் துறையில் அரசு உத்தியோகம் பார்த்துக்கொண்டே, காலையும் மாலையும் ஓர் ஆய்வுகூடத்தில் உழைத்தவர். 1921 இல் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் திரும்பும்பொழுது மத்தியதரைக் கடலின் நீலம் அவர் கருத்தைக் கவர்ந்தது. வானத்தின் நீலம் பிரதிபலிப்பதே கடலின் நீலம் என்று அக்காலத்தவர் சொல்லிவந்தனர், ராமன் ஒப்பவில்லை. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறுகின்றன என்று காட்டினார். அந்த வழியே தொடர்ந்து சென்று, மாணவர் கே. எஸ். கிருஷ்ணனுடன் கூடி, 1928 பெப்ரவரி 28 ஆந் திகதி தம் பெயரால் வழங்கும் விளைவைக் கண்டார். 1930 இல் நொபெல் பரிசு வந்தது.

அவ்விளைவு யாது? ஒரு நிற ஒளியைப் பொருளொன்றின்மேல் விழச்செய்தால், சிதறும் ஒளியில் மிகப் பெரும்பங்கு அதே நிறத்தோடு வெளிவரும். கோடியில் ஒரு பங்கு என்று சொல்லத்தக்க மிகச் சிறிய அளவு மட்டும் நிறம் மாறி வரும். மூலக்கூறின் அணுக்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு ஓயாது அதிர்கின்றன. அந்த அதிர்வுக்குரிய சத்தியை ஒளி கொடுத்துவிட்டோ எடுத்துக்கொண்டோ வருவதால் நிறம் மாறுகிறது. எவ்வளவு மாறியது என்று அளந்தால் எந்த அதிர்வு என்று தெரியும். அதிர்வு தெரிந்தால் மூலக்கூறு தெரியும். ராமன் ஒலியையும் ஆராய்ந்தவர் என்பதை இங்கு நினைவூட்டலாம். மிருதங்கத்தின் தோலில் அப்பியிருக்கும் கருஞ்சாந்தே அதன் மேற்சுருதிகளை இசைவாக்குகிறது என்று 1920 இல் எழுதியவரும் அவரே. திரைக்குப் பின்னிருந்து தட்டினாலும் இது மிருதங்கம், இது தவில் என்று நம் காது பிரித்துச் சொல்கிறது. மூலக்கூறுகளை அவற்றின் அதிர்வைக் கொண்டு பிரித்தறியும் வழியும் அத்தகையதே.

அஷ்கினின் பொறியையும் ராமனின் சிதறலையும் ஒரே நுணுக்குக்காட்டியிற் பொருத்தினால், பிடிக்கும் ஒளியே கேள்வியும் கேட்கும். வழமையான முறையில் குருதியைக் கண்ணாடித் தகட்டிற் பூசி, உலர்த்தி, சாயமூட்டிப் பார்ப்பர். அதாவது இறந்த குழியத்தைப் பார்ப்பர். இங்கே குழியம் தகட்டைத் தொடாமல் நீரின் நடுவே மிதக்கிறது, சாயமில்லை, உயிர் போகவில்லை. ஒட்சிசன் ஏறிய ஈமோகுளோபினின் அதிர்வு ஒன்று. இறங்கியதன் அதிர்வு மற்றொன்று. ஒரு தனிக் குழியம் தன் சுமையை ஏற்றியிருக்கிறதா, இறக்கிவிட்டதா என்பதை ஒளி எழுதிக் காட்டிவிடுகிறது.

இத்துறையில் நம் அயல்நாடு பின்னிற்கவில்லை என்பதைச் சொல்ல மகிழ்கின்றோம். பம்பாயிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் 2004 இல் மலேரியா நோயுற்ற செங்குழியங்களைப் பொறியிற் பிடித்தனர். தட்டுப் போன்ற குழியம் ஒளிக்குள் அகப்பட்டதும் மடிந்து கோல் போலாகிறது. நோயற்ற குழியம் அப்படியே அசையாது நின்றது. நோயுற்றதோ பம்பரம் போலச் சுழன்றது. அதே ஆண்டில் இந்தூரிலுள்ள ராஜா ராமண்ணா நிலையத்தார் குழியங்களை உப்புச் செறிந்த நீரில் இட்டுப் பார்த்தனர். அங்கே நோயற்ற குழியம் விரைந்து சுழன்றது. நோயுற்றது மந்தமாகச் சுழன்றது. நேர்மாறான இரு முடிவுகள்! எது பொய் என்று கேட்கத் தோன்றும். இரண்டும் மெய்யே. உப்புச் செறிந்த நீர் குழியத்தைச் சுருக்கி அதன் வடிவை மாற்றிவிடும். ஒளி ஊன்றித் திருப்புவது அவ்வடிவைத்தான். எந்த நீரில் என்று கேளாமல் எவர் முடிவையும் ஏற்கலாகாது என்பதற்காக இவ்விரண்டையும் எம் வகுப்பில் அருகருகே எழுதிக்காட்டினோம்.

இந்தூர் ஆய்வாளர் அங்கே நிற்கவில்லை. 2011 இல் மலேரியா நோயாளரின் குழியங்களை ராமன் சிதறலாலும் விசாரித்தனர். குழியங்களில் கணிசமான ஒரு பங்கு ஒட்சிசனைப் பற்றும் திறனிற் குறைந்திருக்கக் கண்டனர். இதிலுள்ள வியப்பு யாதெனில், அவர்கள் ஆராய்ந்த வகை மலேரியாவில் ஒட்டுண்ணி புகும் குழியங்கள் நூற்றுக்கு ஒன்றிரண்டே. அப்படியாயின், ஒட்டுண்ணி புகாத குழியங்களும் கேடுற்றன என்றாகிறது. மணிப்பாலிலும் 2010 இல் செங்குழியம், வெண்குழியம் இரண்டையும் உயிரோடு பிடித்து இவ்வாறு ஆராய்ந்துள்ளனர்.

இனி அந்த மாணவியின் கேள்விக்கு மிக அண்மையில் வந்துவிட்டோம். இத்தாலியில் நாப்போலி நகரத்து ஆய்வாளர் 2008 இல் பீற்றாத் தலசீமியாக் குழியங்களையே பொறியிற் பிடித்தனர். இரண்டு செய்திகள் கிடைத்தன. ஒன்று, அக்குழியங்கள் ஒட்சிசனை ஏற்கும் திறனிற் குறைந்தவை. மற்றது, அவற்றின் தோல் விறைத்தது. இழுத்தால் எளிதில் நெகிழாதது. செங்குழியத்தின் அகலம் ஏறத்தாழ ஏழு அல்லது எட்டு மைக்கிரோன். அது புகுந்து செல்லவேண்டிய நுண்குழாய்கள் சில அதனிலும் ஒடுங்கியவை. மண்ணீரலின் இடுக்குகள் மேலும் ஒடுங்கியவை. நெகிழ்ந்து மடியும் குழியமே தப்பிச் செல்லும். விறைத்தது மண்ணீரலில் அகப்பட்டு அழியும்.

"பார்க்கலாமா" என்று அவள் கேட்டாள். பார்க்கலாம், பார்த்தும் இருக்கிறார்கள்.

தனி மூலக்கூறுகளையே இப்பொறியால் அறிந்த கதைகளும் உண்டு. அவற்றுள் ஒன்று மட்டும். பொறியில் அகப்பட்ட மணி, வில்லுச் சுருளிற் கட்டிய பொருள் போன்றது. எவ்வளவு விலகியது என்று பார்த்தால் இழுத்த விசையைக் கணக்கிடலாம். 1997 இல் அமெரிக்கத் தேசிய நியம, தொழினுட்ப நிறுவகத்தில் ஹெல்மர்சன், ராணி கிஷோர், வில்லியம் பிலிப்ஸ் முதலானோர் இதனைப் பயன்படுத்தினர். மணியின்மேல் ஒரு புரதத்தைப் பூசினர். கண்ணாடியின்மேல் அப்புரதத்தையே தேடிப் பற்றும் பிறபொருளெதிரியைப் பூசினர். இரண்டும் ஒட்டிக்கொண்டன. ஒளியால் மணியைப் பிய்த்தெடுக்க எவ்வளவு விசை வேண்டும் என்று அளந்தனர். பின்னர் நீரில் அதே புரதத்தைச் சிறிது கலந்தனர். கலந்த புரதம் பிறபொருளெதிரியின் கைகளை முன்னரே நிரப்பிவிட்டதால் மணி எளிதாகக் கழன்று வந்தது. கழன்ற எளிமையே நீரிலுள்ள புரதத்தின் அளவைச் சொல்லிற்று. 1500 கோடி லீற்றர் நீரில் ஒரு கிராம் கலந்தால் எவ்வளவு ஐதாகுமோ, அவ்வளவு ஐதாயிருந்தாலும் இம்முறை கண்டுகொள்ளும். சிவப்பு நாடாச் சிக்கலில் மறைந்த கோப்புகளைத் தேட இப்படி ஒரு கருவி வந்தால் எமக்கும் பயன்படும்.

சரி, இத்துணை நுட்பமான கருவி ஏன் பதுளையில் இல்லை, கொழும்பில் இல்லை என்று நேயர்கள் கேட்கலாம். நாமும் அதைக் கேட்டுக்கொண்டோம். இரண்டு காரணம் எமக்குத் தென்பட்டன. கருவி விலை மிக்கது. அதிர்வு படாத மேசை வேண்டும். பழகிய கை வேண்டும். மேலும், நெடுநேரம் பிடித்து வைத்தால் செங்கீழ்க் கதிரும் குழியத்தைச் சற்றே சூடாக்கி நலிவிக்கும். இவையெல்லாம் ஒரு காரணத்துள் அடங்கும். மற்றக் காரணத்தை அம்மாணவியே எமக்குச் சொல்லிவிட்டாள்.

தவணை முடிந்த அன்று அவளை அழைத்து, மேலே எழுதியவற்றைச் சுருக்கிக் கூறினோம். அமைதியாகக் கேட்டாள். பின்னர் கொப்பியை எடுத்துக் கணக்குப் போட்டாள். ஒரு பைக் குருதியில் 2 இலட்சம் கோடி செங்குழியங்கள் என்று நாம் சொல்லியிருந்தோம். ஒன்றைப் பிடித்து விசாரிக்க ஒரு நிமிடம் என்று வைத்துக்கொண்டால், ஒரு பையை முடிக்க எத்தனை காலம்? "முப்பத்தெட்டு இலட்சம் வருஷம், சேர்" என்றாள். சரிபார்த்தோம், சரியாகவே இருந்தது. தனிக் குழியத்தைக் கேட்பது நோயின் வழியை அறியப் பயன்படும். இந்த மாதம் ஏற்றவேண்டிய பையைத் தராது. இதனை மறைத்து அவளுக்கு நம்பிக்கை ஊட்டியிருப்போமாயின் அது பெரும் பிழையாகியிருக்கும்.

மாறாக, எளிய சோதனை ஒன்று இப்பொழுதே உண்டு. நோயில்லாமல் குறையை மட்டும் காவுவோரைக் கண்டறிய லேசர் வேண்டியதில்லை. சிறு குழாயளவு குருதி போதும். செங்குழியங்கள் அளவிற் சிறுத்தும் ஈமோகுளோபின் குறைந்தும் இருக்கின்றனவா என்று பார்த்து, ஐயமிருப்பின் ஈமோகுளோபினின் வகைகளைப் பிரித்துப் பார்ப்பர். காவும் இருவர் மணந்தால் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு நோய்க்கு இடமுண்டு. மணத்துக்கு முன் சாதகம் பார்க்க இரண்டு மூன்று சோதிடரிடம் அலையும் நம் பெற்றோர், இந்த ஒரு குழாய்க் குருதியைக் கொடுக்க ஏன் தயங்கவேண்டும்? பெண்ணின் குருதியைச் சோதித்தால் ஊர் என்ன சொல்லும் என்ற அச்சம் நம் மலையிலும் உண்டு, கீழே பட்டினத்திலும் உண்டு. காவுபவர் நோயாளர் அல்லர். அவர் எவரையும் மணக்கலாம், காவும் இன்னொருவரை மணப்பதாயின் மருத்துவரிடம் முன்கூட்டிப் பேசிக்கொள்வதே வேண்டுவது. அதைச் சொல்ல யாருமில்லாததால் அச்சம் வளர்கிறது.

அவள் உடனே போகவில்லை. "தம்பிக்கு இருந்தால் எனக்கும் இருக்குமா, சேர்?" என்றாள். இக்கேள்வி வரும் என்று எதிர்பார்த்திருந்தோம். ஆயினும் வந்தபொழுது நெஞ்சு சற்றுத் திடுக்கிட்டது. கரும்பலகையில் நான்கு கட்டம் வரைந்தோம். நோயுற்ற பிள்ளைக்குரிய கட்டத்தை அழித்தோம். எஞ்சிய மூன்றில் இரண்டு காவுவோர்க்கு உரியவை. ஒன்று முற்றும் குறையற்றது. "மூன்றில் இரண்டு" என்று அவளே வாசித்தாள். வெண்கட்டித் தூசு வெயிற் கம்பத்துள் ஆடிக்கொண்டிருந்தது.

தம்பிக்கு இரத்தம் ஏற்றும் நாளில் தாயுடன் தானும் பதுளைக்குப் போனாள். மறுநாள் வகுப்புக்கு வந்தபொழுது கைமடிப்பில் சிறிய பஞ்சு ஒட்டியிருந்தது. முடிவு இன்னும் வரவில்லை. அதுவரையில் படிப்பதற்கு ராமனைப் பற்றி ஏதும் புத்தகம் உண்டா என்று கேட்டாள். எம்மிடமிருந்த ஒன்றைக் கொடுத்திருக்கின்றோம். அட்டை கிழிந்தது, உள்ளே பக்கங்கள் சரியாகவே இருக்கின்றன.